காதுக்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு

அலுவலகத்தில் அவருக்குப் புள்ளி என்று பெயர். முகத்துக்கு நேரே புள்ளி சார். முதுகு திரும்பியதும் வெறும் புள்ளி. பெரும்புள்ளி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில அகராதி தயாராகும் ஓர் இடத்தில், மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து சொற்களுக்கு நடுவே புள்ளி வைப்பதுதான் பத்தொன்பது வருடங்களாக அவருடைய உத்தியோகம்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு மூன்று கட்டம். முதல் கட்டத்தில் ஆங்கிலச் சொல்லை அசை அசையாக வெட்டி இடையில் புள்ளி வைக்க வேண்டும். இரண்டாவதில், எந்த அசையில் குரல் ஏறி அழுத்துகிறதோ அதன் தலைமேல் சின்னதாக ஒரு கோடு. மூன்றாவதில், அதே சொல்லைப் பொருளுள்ள துண்டுகளாகப் பிரிக்க வேண்டும். இது வேர், இது முன்னால் வந்து ஒட்டியது, இது வால். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வாங்காதவர்களுக்கும் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வேடிக்கை என்னவென்றால், முதல் கட்டத்து வெட்டும் மூன்றாம் கட்டத்து வெட்டும் பல நேரம் ஒத்துப்போகாது. ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காது அதை ஹெ, லி, காப், டர் என்று நாலாக வெட்டும். பொருளோ இரண்டே துண்டு கேட்கும்: ஹெலிகோ என்றால் சுருள், ப்டர் என்றால் சிறகு. காது வெட்டுகிற இடத்தில் வெட்டினால் பொருளுக்குச் சிறகு முறிந்துவிடும். "காதுக்கு ஒரு வெட்டு, பொருளுக்கு ஒரு வெட்டு" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் அவர் சொல்லாமல் இருந்ததில்லை. அவர்களும் அடுத்த வாரமே வேறு மேசை கேட்காமல் இருந்ததில்லை.

ஏனென்றால் புள்ளியாரின் காது அலுவலக நேரத்தோடு நிற்கிற காது இல்லை. யார் எந்த ஆங்கிலச் சொல்லை எப்படி உச்சரித்தாலும் அவருடைய வலது ஆட்காட்டி விரல் தானாக ஆடும். அழுத்தம் சரியான அசையில் விழுந்தால் ஒரு தட்டு. தப்பான அசையில் விழுந்தால் இரண்டு தட்டு, உடனே வாயும் திறக்கும். காவலாளி, கணக்காளர், பல் டாக்டர் என்று பாகுபாடு கிடையாது. பல் டாக்டர் ஊசியோடு நின்றுகொண்டிருந்தபோதுகூடத் திருத்தியிருக்கிறார். அந்தப் பல் இன்றைக்கும் வலிக்கிறது.

மனைவி இறந்த நான்காம் நாள் துக்கம் விசாரிக்க வந்த மேலாளர், கையைப் பிடித்துக்கொண்டு "என்னோட கண்டோலன்ஸ்" என்று முதல் அசையில் அழுத்திச் சொன்னார். "இரண்டாவது அசை சார்" என்றார் புள்ளியார். கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சொல்லிவிட்டார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள்.

அதற்கப்புறம் அவரைச் சுற்றி ஒரு மௌனம் வளர்ந்தது. யாரும் சண்டை போடவில்லை. அவர் வந்தால் பேச்சு தமிழுக்கு மாறும்; பிறகு தலையசைப்புக்கு மாறும்; பிறகு டீ ஆறிவிட்டது என்று ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். வீட்டில் இரண்டு அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு ரேடியோ. மாலையில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் பெண்ணோடுதான் அவருக்குப் பேச்சு வார்த்தை. "இரண்டாவதும்மா, இரண்டாவது" என்பார். அந்தப் பெண் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து அதே தப்பைச் செய்வாள். அவ்வளவு விசுவாசமான ஆள் அவருக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு மகள் இருந்தாள். இருக்கிறாள். வேறொரு நகரத்தில் கண் மருத்துவமனையில் பார்வை அளந்து கண்ணாடிக்கு எண் எழுதித் தருகிற வேலை. தாய் இருந்தவரை மகள் தாயிடம் பேசுவாள், தாய் சாரத்தை அவரிடம் சொல்வாள். தாய் போனபின் அந்தச் சாலை மூடப்பட்டது. மகளும் தகப்பனும் ஆற்றின் இரண்டு கரையில் நின்று கையசைக்கிற மாதிரி மாதத்துக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டார்கள்.

பதினோரு மாதங்களுக்கு முன்னால் ஒரு காலை, அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து குரல் செய்தி வந்தது. நாற்பது விநாடி. முழுக்க ஆங்கிலம். புருஷனின் வீட்டை விட்டுத் தான் வந்துவிட்டதாகவும், இரண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதான் என்றும், யாரும் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு, தான் நன்றாக, கம்ஃபர்டபிளாக இருப்பதாக முடித்திருந்தாள். அந்தக் கடைசிச் சொல்லில் 'டே' என்று மூன்றாவது அசைமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

கெட்ட நேரம், அதற்கு மூன்று நாள் முன்புதான் அந்தச் சொல்லின் அட்டையை அவர் எழுதி முடித்திருந்தார். கூடச் சேர்ந்து பலம் தருவது என்பது அதன் வேர்ப்பொருள். ரசித்து ரசித்து மூன்றாம் கட்டத்தை நிரப்பியிருந்தார். செய்தியை முழுவதும் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய். கேட்டார், புரிந்தது, வாயில் பற்பசை நுரையோடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. என்ன சொல்வது என்று தெரியாதவன் கை தனக்குத் தெரிந்த வேலையைச் செய்யும். அவர் கை தட்டச்சு செய்து அனுப்பியது இது:

"கம்ஃபர்டபிள்: அழுத்தம் முதல் அசையில் வரும். நடுவில் உள்ள ஒலி தேய்ந்து போகும்."

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. நிமிர்ந்த கட்டைவிரல் படம், அவ்வளவுதான்.

அதன்பின் பதினோரு மாதங்களாகக் கட்டைவிரல் மட்டும்தான். நலமா என்றால் கட்டைவிரல். மழை பெய்கிறதா என்றால் கட்டைவிரல். அவர் எழுதி எழுதி அழித்தார். ஒருநாள் துணிந்து தன் குரலைப் பதிவு செய்தார். திருப்பிக் கேட்டபோது தன் உச்சரிப்பிலேயே இரண்டு பிழை இருந்தது. அதையும் அழித்தார்.

இப்போது ஒரு திங்கட்கிழமை, எழுத்திலேயே ஒரு செய்தி வந்தது. "வேற ஊருக்கு வேலை மாத்திக்கிட்டுப் போறேன். புதன்கிழமை உங்க ஊர்ல பஸ் மாறணும். மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணேகால் வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் கேன்டீன்ல இருப்பேன். முடிஞ்சா வாங்க. இதுக்கப்புறம் இந்தப் பக்கம் வர மாட்டேன்னு நினைக்கிறேன்."

எந்த ஊர், எந்தத் தெரு, எந்த மருத்துவமனை என்று ஒன்றுமில்லை. அவர் அதை ஆறு முறை படித்தார். இந்த ஒன்றேகால் மணி நேரமும் கைதவறினால் கட்டைவிரல்கூட இனி வராது என்பது அவருக்குத் தெரிந்தது. அட்டை போட்டுப் பிரிக்க வேண்டிய அளவுக்கு அதில் சிக்கல் ஒன்றும் இல்லை.

அரை நாள் விடுப்புக் கடிதம் எழுதியதைப் பக்கத்து மேசை அம்மாள் பார்த்துவிட்டாள். அகராதியில் சொற்களுக்கு அர்த்தம் எழுதுவது அந்த அம்மாளின் வேலை, அதனால் அவளுக்கு அர்த்தம்மா என்று பெயர். அவரோடு இன்னும் நின்று பேசுகிற ஒரே ஆள். காது கொஞ்சம் மந்தம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"லீவா? யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. மக வர்றா. வர்றான்னா, வழியில."

"அடப்பாவமே. ஒரு வருஷமா பேசல இல்ல?"

"பதினோரு மாசம்."

"அதைத் திருத்தாட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே. சரி, என்ன பேசப் போறீங்க?"

"அதான் தெரியல."

"அப்ப வாயை மூடிக்கிட்டுப் போங்க. திருத்தம் மட்டும் வேணாம். அந்தப் பொண்ணு புலியைப் புளின்னு சொன்னாலும் தலையை ஆட்டுங்க."

"அது தமிழ்ல லகரம் ளகரம், அசைக்கும் அதுக்கும்..."

"பாத்தீங்களா. இப்பவே கிளம்பிடுச்சு."

அவர் வாயை மூடிக்கொண்டார். அர்த்தம்மா தன் டப்பாவிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் அட்டைக்கட்டின்மேல் வைத்தாள். "நாக்கைப் பல்லுக்கு நடுவுல வச்சுக்கங்க. என் மருமக பேசும்போது நான் அப்படித்தான் பண்றேன். ஏழு வருஷமா வீடு அமைதியா இருக்கு. நாக்குதான் கொஞ்சம் தட்டையாயிடுச்சு."

செவ்வாய் முழுவதும் பயிற்சி நடந்தது. காலையில் காவலாளி, "லிஃப்ட் மெயின்டனன்ஸ் சார், படியில போங்க" என்று இரண்டாவது அசையைப் போட்டு மிதித்தான். புள்ளியார் நாக்கைக் கடித்துக்கொண்டு படியேறினார். "சார், உடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கீழிருந்து குரல் வந்தது. மதியம் மேலாளர் ஒரே வாக்கியத்தில் நாலு தப்பு செய்துவிட்டு, பழக்கதோஷத்தில் திருத்தத்துக்காக நின்றார். திருத்தம் வரவில்லை. மனிதர் பயந்துபோய் அர்த்தம்மாவிடம் போய் விசாரித்தார். மாலையில் ரேடியோ பெண்ணையும் அவர் சும்மா விட்டார். அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு மனிதக் குரல்கூட எழவில்லை. தட்டு கழுவும் சத்தம் மட்டும் இருந்தது, அதுவும் ஒரு தட்டுதான் என்பதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

புதன்கிழமை ஒன்றரைக்கே போய்விட்டார். மகள் அவருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். கேன்டீனின் கடைசி மேசை. காலடியில் இரண்டு பை, கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். தாயின் நெற்றி இப்போது நன்றாகத் தெரிந்தது.

"வந்துட்டீங்களா."

"வந்துட்டேன். ரெண்டு மணின்னு போட்டிருந்த?"

"முன்னாடி பஸ் கிடைச்சுது. உக்காருங்கப்பா. மெலிஞ்சிட்டீங்க."

"நீயும்தாம்மா."

"நான் மெலியல. முடிதான் மெலிஞ்சுது."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது நாக்கு பல்லுக்கு நடுவிலிருந்து நழுவியது. உடனே எடுத்துத் திரும்ப வைத்துக்கொண்டார். இரண்டு டீ வந்தது. மேசை ஒரு கால் குட்டை. அவள் முழங்கை வைத்தால் அவர் பக்கம் ஏறும், அவர் வைத்தால் அவள் பக்கம் ஏறும். இருவருமே கையை எடுத்துக்கொண்டார்கள்.

"வெஜிடபிள் சாண்ட்விச் சொல்லட்டுமா?" என்றாள். தப்பான அசை. மேசைக்கு அடியில் விரல் இரண்டு தடவை தட்டியது. மேலே முகம் மாறவில்லை.

"வேணாம்மா."

அவள் பேசத் தொடங்கினாள். புது மருத்துவமனை, புது எக்விப்மென்ட், முதல் இரண்டு நாள் ஹோட்டல், அப்புறம் அறை. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் "ம்" என்றார், "நல்லது" என்றார், "சரி" என்றார். அடியில் விரல் வேலை செய்துகொண்டே இருந்தது. மூன்று, நான்கு. நெற்றியில் வியர்த்தது. ஒரு சொல்கூட வெளியே தப்பவில்லை. மனதுக்குள் தன்னைத் தானே தட்டிக்கொடுத்தார். ஐந்து, ஆறு. "எல்லாம் கம்ஃபர்டபிளா இருக்கும்" என்றாள் அவள், பழைய இடத்திலேயே ஏறி உட்கார்ந்து, அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு. ஏழு. "ரொம்ப நல்லதும்மா" என்றார் புள்ளியார்.

அவள் டம்ளரை வைத்தாள்.

"எத்தனை?"

"என்ன எத்தனை?"

"கீழ விரல் ஆடுது. மேசை ஆடுதுப்பா. எத்தனை எண்ணுனீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை. "ஏழு" என்றார்.

"ஒன்பது. நான் வேணும்னே சொன்னது ஒன்பது. ரெண்டு விட்டுட்டீங்க. வயசாயிடுச்சு உங்களுக்கு."

அவருக்கு லேசாக நிம்மதியாகக்கூட இருந்தது. கேலிதானே என்று நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

"சரி, இப்ப சொல்லுங்க. நான் பாத்து வச்சிருக்கிற ரூம் எத்தனாவது மாடி?"

அவர் டம்ளரை ஒருமுறை திருப்பி வைத்தார்.

"கூட யாரு தங்கப் போறா?"

கேன்டீன் அடுப்பில் பால் பொங்கி வழிந்து, யாரோ திட்டும் சத்தம் கேட்டது.

"போன மாசம் எனக்கு என்ன ஆச்சுன்னு சொன்னேனே. ஒரு வாரம் வேலைக்குப் போகலைன்னு. ஏன் போகல?"

"தெரியலம்மா" என்றார் அவர். எல்லாம் காதில் விழுந்திருந்தது. அசை அசையாக விழுந்திருந்தது. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் ஏறியது, எந்த இடத்தில் இறங்கியது என்று இப்போதும் எழுதித் தர முடியும். ஆனால் அவள் சொன்னது என்ன என்று கேட்டால் அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தது.

"திருத்தினீங்க, வலிச்சுது. இப்ப திருத்தாம உக்காந்திருக்கீங்க, அதுவும் அதே மாதிரிதான் இருக்கு. என்னப்பா இது." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். "வழி முழுக்க யோசிச்சுட்டே வந்தேன். அட்ரஸ் கொடுக்கலாமா வேணாமான்னு. கொடுத்து என்ன பண்ணப் போறீங்க. தெரு பேர்ல புள்ளி வைப்பீங்க."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. அவள் ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் நாற்பது நிமிடம் இருக்கும்போது பையை மடியில் வைத்துக்கொள்கிறவர்கள், அந்த நாற்பது நிமிடத்தை வேறெங்காவது கழிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். அதற்கு அர்த்தம்மா தேவையில்லை.

புள்ளியார் கையை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து மேலே வைத்தார். மேசை அவள் பக்கம் ஏறியது. நாக்கு பல்லுக்கு நடுவில் இல்லை, வேறெங்கும்கூட இல்லை. ஒரு கேள்வி வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. அதுவரை அப்படி ஒன்று தனக்குள் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"அந்த வீட்டை விட்டு வந்த அன்னைக்கு ராத்திரி எங்க தூங்குன?"

அவள் பையின் வாரைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"இப்ப எதுக்கு அது?"

"எதுக்குன்னு தெரியல. எங்க தூங்குன?"

அவள் பையைத் திறந்து, மூடி, மறுபடியும் தரையில் வைத்தாள்.

"நான் வேலை பாக்குற கிளினிக்லதான். எங்கிட்ட ஒரு சாவி இருந்தது. சோதனை ரூம்ல, நோயாளி உக்கார்ற சேர்ல. எதிர்ல சுவத்துல எழுத்துப் பலகை இருக்கும்ல, பெருசுலேர்ந்து சின்னது வரைக்கும். உள்ள விளக்கு எரியும். அதோட சுவிட்ச் வெளிய வேற ரூம்ல, அதைப் பூட்டிட்டாங்க. அணைக்க முடியல. ராத்திரி பூரா எரிஞ்சுது. நான் மேலேர்ந்து கீழ படிச்சேன். அப்புறம் கீழேர்ந்து மேல. ஒரு கண்ணை மூடிட்டு. அப்புறம் இன்னொரு கண்ணை மூடிட்டு."

"அந்தச் சேர் சாயுமா?"

அவள் அவரைப் பார்த்தாள். "என்னது?"

"பல் டாக்டர் சேர் சாயும். கண் டாக்டர் சேர் சாயுமா?"

"சாயாது." ஒரு சிரிப்பு வரப் பார்த்து, வேறு ஏதோ ஆகி நின்றது. "கொஞ்சம்கூடச் சாயாது. கழுத்து நாலு நாள் திரும்பல. யாரு கூப்பிட்டாலும் முழு உடம்பையும் திருப்பித்தான் பாத்தேன். ரோபோ மாதிரி."

"போத்திக்க?"

"வெள்ளை கோட்டு ரெண்டு தொங்கிட்டு இருந்தது. ஒண்ணு காலுக்கு, ஒண்ணு மேல."

"ஏதாவது சாப்பிட்டியா?"

"சொட்டு மருந்துதான் இருந்தது." இப்போது நிஜமாகவே சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "விடிஞ்சப்புறம் அங்கேர்ந்துதான் உங்களுக்குப் பேசி அனுப்பினேன். பதினாலு தடவை பதிவு பண்ணி அழிச்சேன். தமிழ்ல சொன்னா நடுவுல உடைஞ்சுடும்னு இங்கிலீஷ்ல மனப்பாடம் பண்ணிச் சொன்னேன்."

அவருக்குத் தன் பதில் ஞாபகம் வந்தது. அது அவளுக்கு அந்த நாற்காலியில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டு வெள்ளைக் கோட்டுக்குக் கீழே உட்கார்ந்து, திரும்பாத கழுத்தோடு, அவள் அதைப் படித்திருக்கிறாள்.

"அம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அம்மா இருந்திருந்தா உங்களுக்கு அனுப்பியிருக்கவே மாட்டேனே. அம்மா இல்லைன்னுதான் உங்களுக்கு அனுப்பினேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எந்த மொழியில் எடுத்தாலும் அப்போது அவர் வாயில் நாலைந்து துண்டாகத்தான் வந்திருக்கும். அதனால் அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். அந்த நாற்காலியிலிருந்து அடுத்த நாள் எங்கே போனாய்? அதற்கடுத்த நாள்? அவள் சொன்னாள். தோழி வீட்டு மாடி, பெண்கள் விடுதி, விடுதியில் குறட்டை விட்ட வங்கிக்காரி. போன மாதம் ஒரு வாரம் காய்ச்சல், அந்த வங்கிக்காரிதான் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவளும் இப்போது அதே ஊருக்கு மாற்றலாகிறாள், அவளோடுதான் அறை, நான்காவது மாடி. நடுநடுவே ஆங்கிலச் சொற்களும் வந்துபோயின. அவை எந்த அசையில் ஏறின, சரியா தப்பா என்று கேட்டால் புள்ளியாருக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. விரல் டம்ளரைப் பிடித்திருந்தது. டீ ஆறி ஏடு கட்டியிருந்தது.

"நாலாவது மாடியா? லிஃப்ட் இருக்கா?" என்றார்.

"இருக்கு. ஓடாது."

"பெட்டியை எப்படி ஏத்துவ?"

"வங்கிக்காரி இருக்காளே. குறட்டைக்குப் பதிலா அவ ஏதாவது செய்யணும்ல."

மூன்றேகால் பேருந்து மூன்று பத்துக்கே உறுமத் தொடங்கியது. நடத்துநர் ஊர்களின் பெயரை மூச்சு விடாமல் ஒரே சொல்லாகக் கூவினார். இருவரும் எழுந்தார்கள். பெட்டியைத் தூக்க இரண்டு பேரும் குனிந்ததில் தலை முட்டியது. "ஒரு தடவை முட்டினா ஆகாது" என்று அவள் இன்னொரு தரம் லேசாக முட்டினாள். அவளைப் படியேற்றிவிட்டு அவர் வெளியே நின்றார். என்ன செய்வது என்று தெரியாமல் பேருந்தின் தகரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அட்ரஸ் என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் தள்ளி ஒரு ஜன்னல் திறந்தது. யாரோ ஒரு பயணியின் மடிக்கு மேலாக அவள் தலையை நீட்டினாள்.

"அப்பா, பேனா இருக்கா?"

பேனா இருந்தது. சிவப்பு மை. காகிதம் இல்லை. அவர் இடது உள்ளங்கையை விரித்தார். அவள் ஊர் பெயரைச் சொன்னாள், தெருவைச் சொன்னாள், கட்டடத்தின் பெயரைச் சொன்னாள். என்ஜின் சத்தத்தில் பாதி போயிற்று. அவள் வாயைக் குவித்து நிறுத்தி நிறுத்தித் துண்டு துண்டாகச் சொன்னாள், அவர் துண்டு துண்டாகவே எழுதிக்கொண்டார். கதவு எண் சொல்லும்போது வண்டி நகர்ந்துவிட்டது. அவள் விரலைக் காட்டினாள். மூன்றா நான்கா என்று தெரிவதற்குள் வேறொரு பேருந்து குறுக்கே வந்தது.

அவர் நிழற்கூரைக்கு அடியில் வந்து நின்றார். கூட்டம் அவரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. எதிரே கேன்டீனில் மகள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு டம்ளர், ஒருபக்கம் ஏறிய மேசை. ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனை எடுத்தார். குறுஞ்செய்தி அனுப்புவதுதான் வழக்கம். அன்றைக்கு அழைத்தார். கதவு எண் கேட்க வேண்டுமே.

"சொல்லுங்கப்பா."

"உக்கார இடம் எப்படி? ஜன்னல் கிடைச்சுதா?"

"எங்க. ஜன்னல்ல ஒரு பெரியவர். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே தூங்கி என் தோள்ல சாஞ்சுட்டாரு. இந்த சேர் மட்டும் நல்லா சாயுதுப்பா."

"எழுப்பாத. பாவம். பெட்டியை எங்க வச்ச?"

அவள் சொன்னாள். பெட்டியிலிருந்து பேச்சு வங்கிக்காரிக்குப் போயிற்று, அங்கிருந்து தலைமை மருத்துவரின் வழுக்கைக்குப் போயிற்று. நகரத்தைத் தாண்டி சமிக்ஞை அறுந்து போகும்வரை பேசினாள். பதினோரு நிமிடம். போனைப் பையில் போட்ட பிறகுதான், கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. மறுபடி அழைக்கலாமா என்று யோசித்தார். நாளைக்கு அழைக்க ஒரு காரணம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கையில் இருந்ததை ஓர் அட்டையில் பிரதியெடுத்தார். சந்தேகத்துக்கு இன்னோர் அட்டையிலும் எழுதினார். இரண்டையும் ரேடியோவுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். ஆக, கையில் இருப்பது அழிந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இருந்தாலும் அன்று மாலை அவர் அந்த ஒற்றைத் தட்டையும் டம்ளரையும் வலது கையாலேயே, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெகு நேரம் கழுவினார்.